எதால் வகுத்தாலும் மீதி

ஜனவரி 14

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் முதுகுவலி விட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று முதலில் எழுது.

போன் இருக்க இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். அப்பாவுக்குக் காது மந்தம், வீட்டுப் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். என் கைபேசி அடித்தாலும் "யாரு, அவனா?" என்று பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார். அதனால் பல் பட்டறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மெழுகில் பதித்த மேல்வரிசைப் பல்செட் ஒன்று மேசையிலிருந்து என்னைப் பார்த்து இளிக்கிறது. பதிலையும் பட்டறை முகவரிக்கே போடு.

அப்பாவுக்கு நீ என்ன மந்திரம் போட்டாய்? அம்மா போன பிறகு அவர் இருந்த இருப்பு உனக்கே தெரியும். உனக்கு ஒரு நாளைக்கு மூன்று போன், அது போக எனக்கு இரண்டு. சாப்பிட்டாயா, அங்கே வெயிலா மழையா, இப்போது என்ன செய்கிறாய். இதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. இப்போது ஞாயிற்றுக்கிழமை தவிர போன் இருக்கும் பக்கமே போவதில்லை. உன் ஆபீஸில் கணினிக்குப் புதிதாகப் பூட்டு செய்ய ஒரு பெரிய எண் வேண்டுமாம், அது பகா எண்தானா என்று நீ அவரைச் சோதிக்கச் சொல்லியிருக்கிறாயாம். ரகசியமாம், போனில் பேசக்கூடாதாம். என்னிடம் மட்டும் சொன்னார். 2147483647. அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார். "நம்ம எண்" என்றுதான் அதைச் சொல்கிறார்.

எனக்கும் பாடம் எடுத்தார். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதால் வகுத்தாலும் மீதி வந்தால்தான் அது பகா எண். நாற்பத்தாறாயிரத்துச் சொச்சம் வரைக்கும் உள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்த்தால் போதுமாம், அதற்கு மேல் தேவையில்லையாம். முதலில் அந்தச் சின்னப் பகா எண்களைப் பொறுக்கி எடுக்கவே இரண்டு வாரம் ஆனது. சாப்பாட்டு மேசை முழுக்கத் தாள். நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறோம். எடைமேடையில் லாரிகளின் நிறை எடையிலிருந்து வெறும் எடையைக் கழித்துக் கழித்தே காலம் தள்ளிய மனுஷன், இப்போது வகுத்தலில் இறங்கியிருக்கிறார். ஒவ்வொன்றையும் வகுத்து, பிறகு திருப்பிப் பெருக்கியும் பார்க்கிறார். ஒரு நாளைக்கு ஐந்துதான் முடிகிறது. முகத்தில் களை வந்திருக்கிறது.

ஒரு சந்தேகம். இவ்வளவு பெரிய கம்பெனியில் இதைச் செய்ய ஒரு இயந்திரம்கூடவா இல்லை?

அன்புடன்,
அக்கா

•

ஜனவரி 31

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் பார்த்துச் சிரித்தேன். முதுகுவலி பரவாயில்லை. நாற்காலியை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். நீ பட்டறையில் அந்தத் தூளை மூக்கில் ஏற்றிக்கொள்ளாமல் முகமூடி போட்டுக்கொள்.

இயந்திரம் இல்லையா என்று கேட்டிருந்தாய். இயந்திரமும் பார்க்கும். மனிதன் ஒருவன் தனியாகப் பார்த்தாலும் நல்லதுதானே. இங்கே வேலை தலைக்கு மேல் இருக்கிறது. புதிய திட்டம், புதிய மேலாளர். காலையில் உள்ளே போனால் வெளியே வெளிச்சம் இருந்ததா என்றே தெரிவதில்லை.

அப்பாவுக்காக ஒரு பெட்டி பென்சில் அனுப்பியிருக்கிறேன். கட்டடப் படம் வரைகிறவர்கள் பயன்படுத்துவது. முனை சீக்கிரம் மழுங்காது.

அவர் சந்தோஷமாக இருக்கிறார் என்று எழுதியிருந்தாய். அடுத்த கடிதத்திலும் அதை ஒருமுறை எழுது.

உன் தம்பி

•

மார்ச் 5

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே முக்கால்வாசி நலம். அந்த மீதிக் கால்வாசிக்காகத்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் அப்பா தேநீரைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றினார். "மேச சாஞ்சிருக்கு" என்றார். மேசை நேராகத்தான் இருந்தது. மறுநாள் என்னைத் தெருவில் பார்த்து, யாரோ என்று நினைத்து வணக்கம் வைத்தார். வலுக்கட்டாயமாகக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருக்கிறது. அதைவிட மோசம், வலது கண்ணில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. புரையை எடுத்தால் அழுத்தமும் இறங்கும் என்கிறார் டாக்டர். தள்ளிப்போட்டால் பார்க்கும் நரம்பே கெட்டுவிடும், பிறகு என்ன செய்தாலும் போன பார்வை திரும்பாது. அம்மா மாதிரி பேசும் டாக்டர் அவர், ஆனால் இதை மட்டும் கறாராகச் சொன்னார்.

அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "கணக்கு முடியட்டும் டாக்டர். பையன் ஆபீஸ்ல இத நம்பிக் காத்துக்கிட்டிருக்காங்க."

வெளியே வந்ததும் கேட்டேன், எப்போது முடியும் என்று. நாலாயிரத்து எழுநூறுக்கு மேல் வகுக்க வேண்டும், முந்நூறுகூட இன்னும் ஆகவில்லை. நானே மனசுக்குள் கணக்குப் போட்டேன். அவர் வேகத்தில் இன்னும் இரண்டரை வருஷம் ஆகும், தம்பி. சுவரில் ஒட்டிய அட்டை இப்போது அவருக்குத் தெரிவதில்லை. ஒரு தாள் முடிந்தால், அதன் தலைப்பில் உள்ள எண்ணைப் பார்த்து அடுத்த தாளில் எழுதிக்கொள்கிறார். மூக்கு தாளில் உரசுகிறது.

நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆபீஸில் வேறு ஆளிடம் கொடுத்துவிட்டோம் என்று சொல். உடனே எழுது.

அக்கா

•

மார்ச் 29

அக்காவுக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு வேலை காரணம் இல்லை. தாளை எடுத்து வைத்துவிட்டு எழுந்து எழுந்து போய்விட்டேன். உடம்பு நன்றாக இருக்கிறது. அதைக் கேட்கும் நிலையில் நீ இந்தக் கடிதத்தின் முடிவில் இருக்கமாட்டாய்.

ஆபீஸில் யாரும் காத்துக்கொண்டிருக்கவில்லை. அந்த எண்ணை யாரும் கேட்கவில்லை.

அன்று அவருடைய மூன்றாவது போன். கூட்டத்தின் நடுவில் எழுந்து வராந்தாவுக்கு வந்து எடுத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேலாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னப்பா, என்ன அவசரம்?" என்றேன். "ஒண்ணுமில்லப்பா, சும்மாதான். மழையான்னு கேக்கலாம்னு" என்றார். சும்மா இருக்கும் ஆளுக்கு ஏதாவது வேலை கொடுத்தால் என்ன என்று அந்த நிமிஷத்தில் தோன்றியது. பகா எண், பூட்டு, ரகசியம், போனில் பேசக்கூடாது என்று சரசரவென்று வாயில் வந்தது. எண்ணும் வாயில் வந்ததுதான். எங்கள் தொழிலில் உள்ளவனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்த எண்ணைச் சொல்லுவான். முப்பத்தொரு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது அது. நிறைய கணினிகளில் ஒரு எண்ணுக்கு ஒதுக்கிய இடத்தில் அதற்கு மேல் கொள்ளாது. வீட்டு வாசல் எண் மாதிரி எங்களுக்குப் பழக்கம்.

அது பகா எண்தான். இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே ஒரு கணித மேதை கையால் வகுத்துப் பார்த்து உறுதி செய்துவிட்டார். அதில் எள்ளளவும் சந்தேகம் கிடையாது. பூட்டு செய்ய நாங்கள் எடுக்கும் பகா எண்களுக்கு முந்நூறு இலக்கம் இருக்கும், அதுவும் வெளியே யாருக்கும் தெரியாததாக இருக்க வேண்டும். உலகத்துக்கே தெரிந்த இந்தப் பத்து இலக்கத்தை வைத்துப் பூட்டு செய்வது, சாவியைக் கதவிலேயே தொங்கவிடுகிற கதை.

இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மேதை நாலாயிரம் தடவை வகுக்கவில்லை. இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்துப் பிறந்த எண் என்பதால், அதை வகுக்கக்கூடிய பகா எண் ஒன்று இருந்தால் அதற்கும் ஒரு அடையாளம் இருந்தாக வேண்டும். அந்த வகுக்கும் எண்ணை 248-ஆல் வகுத்தால் மீதி ஒன்றோ அறுபத்துமூன்றோ வர வேண்டும். அந்த அடையாளம் உள்ளவை எண்பது சொச்சம்தான். மற்றதையெல்லாம் தொடவே வேண்டாம். இது எனக்கு முதல் நாளே தெரியும். அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மூன்று வாரத்தில் முடித்திருப்பார். முடித்தால் மறுபடியும் போன் வரும்.

எழுதிப் பார்க்கும்போது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

தம்பி

•

ஏப்ரல் 6

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் பட்டறையில் வைத்துப் படித்தேன். படித்த கையோடு ஒருவருடைய கடைவாய்ப் பல்லைத் தப்பாகச் செதுக்கிவிட்டேன்.

நானே அவரிடம் சொல்லிவிடுவேன் என்று நீ உள்ளுக்குள் எதிர்பார்த்திருப்பாய். சொல்லமாட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்து அதைக் கேட்கக்கூடாது. நீ சொல்ல வேண்டும், உன் கையால் எழுத வேண்டும், சீக்கிரம் எழுத வேண்டும். வலது கண் காத்திருக்காது.

வாய் நிறையத் திட்டலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முழுசாக வரவில்லை. போன் நின்றபோது அப்பாடா என்று மூச்சு விட்டவள் நானும்தானே. அவர் மூக்கு தாளில் உரச உரச, தொந்தரவு இல்லாமல் இருக்கிறார் என்று நானும் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். எழுது.

அக்கா

•

ஏப்ரல் 24

அன்பு மகனுக்கு அப்பாவின் ஆசிகள்.

இங்கு நானும் பாப்பாவும் சௌக்கியம். உன் முதுகுவலிக்கு நிமிர்ந்து உட்கார வேண்டும் என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். இந்தக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். விஷயம் ரகசியம் என்பதால் ஞாயிற்றுக்கிழமை போனில் நான் வாயைத் திறக்கவில்லை.

நம் எண் பகா எண் அல்ல.

நேற்று காலை 2699-ஆல் வகுத்தேன். ஈவு 795659. மீதி பூஜ்யம். நான் உடனே நம்பவில்லை. முகம் கழுவிவிட்டு வந்து மறுபடியும் வகுத்தேன். பூஜ்யம். ஈவையும் 2699-ஐயும் திருப்பிப் பெருக்கி, வந்த விடைக்குக் கீழே அடிக்கோலை வைத்து, தாளின் தலைப்பில் உள்ள எண்ணோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டேன். அப்படியே பொருந்துகிறது. நீ அனுப்பிய பென்சிலால்தான் போட்டேன். முனை மழுங்கவே இல்லை.

இந்த எண்ணை வைத்து உங்கள் ஆபீஸில் பூட்டு செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பகீர் என்கிறது. உடனே உன் மேலாளரிடம் சொல்லிவிடு. என் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. சொன்னாலும் பரவாயில்லை.

பாப்பா கண் ஆபரேஷன் என்று உயிரை எடுக்கிறாள். வேலை முடிந்துவிட்டதால் இனி செய்துகொள்ளலாம் என்று இருக்கிறேன். நீ ஒரு வரி எழுதினால் நாள் குறிக்கச் சொல்வேன்.

உன் அப்பா

•

மே 2

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் சௌக்கியம். நிமிர்ந்துதான் உட்காருகிறேன்.

உங்கள் பதிவுத் தபால் கிடைத்தது. இரண்டு நாள் அதைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். பிறகு மேலாளரிடம் காட்டினேன். அவர் வேறு ஆட்களையும் கூப்பிட்டுக் காட்டினார். நீங்கள் சொன்னது சரி என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அந்த எண்ணைக் கைவிட்டுவிட்டோம். பெரிய தவறிலிருந்து காப்பாற்றினீர்கள் என்று உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்கள். கூட்டத்தில் கைதட்டினார்கள்.

இனி நீங்கள் எதையும் வகுக்க வேண்டாம். ஆபரேஷனுக்கு நாள் குறிக்கச் சொல்லுங்கள், தயவுசெய்து இந்த வாரமே.

உங்கள் மகன்

•

மே 21

தம்பிக்கு,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முதலில் வலது கண். அழுத்தம் இறங்கிவிட்டது. ஓரத்தில் கொஞ்சம் பார்வை போனது போனதுதான் என்கிறார் டாக்டர், ஆனால் நடுவில் தெளிவாகத் தெரியும். மூன்று வகைச் சொட்டு மருந்து, வேளை தவறாமல் விட வேண்டும், அழுத்தத்துக்கான சொட்டை மட்டும் ஆயுசு முழுக்க. கட்டைப் பிரித்ததும் என் முகத்தைப் பார்த்து, "என்ன பாப்பா, உனக்கு இவ்ளோ நரச்சிருச்சு?" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

எனக்குக் கணக்கு வராது. ஆனால் அது பகா எண்தான், எள்ளளவும் சந்தேகம் கிடையாது என்று மார்ச் மாதம் எனக்கு எழுதியது நீ. அப்படியானால் 2699-ஆல் வகுபடாது. அவர் எங்கோ தப்பாகப் பார்த்திருக்கிறார். அந்தத் தப்பைப் பிடித்துக்கொண்டு நீ தப்பித்துவிட்டாய். கண் பிழைத்தது, அதனால் நானும் வாயை மூடிக்கொண்டேன். அந்தக் கைதட்டல் எதற்குடா? சும்மா நன்றி என்று எழுதியிருக்கக்கூடாதா?

அந்தக் கைதட்டலைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். எண்ணைச் சொல்லவில்லை, அது ரகசியமாம். "பையன் ஆபீஸுக்கு ஒரு சின்ன ஒத்தாச செஞ்சேன், எழுந்து நின்னு தட்டுனாங்களாம்" என்று முடிதிருத்துபவரிடம், தபால்காரரிடம், எல்லோருக்கும் மேலாக மருந்துக்கடைக்காரரிடம். எழுந்து நின்றது அவர் சேர்த்தது.

சந்தோஷமாக இருக்கிறார். எழுதச் சொன்னாயே, எழுதிவிட்டேன்.

அக்கா

•

ஜூன் 19

அன்பு மகனுக்கு,

பாப்பா நலம். என் கண் நலம். அதுதான் வினையாகப் போய்விட்டது.

நேற்று மேசையைச் சுத்தம் செய்தேன். 2699-இன் தாளை மட்டும் கண்ணாடி போட்ட சட்டத்தில் மாட்டி வைக்கலாம் என்று தனியாக எடுத்தேன். ஒரு தடவை பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்துவிட்டது. ஒன்பதும் ஒன்பதும் பெருக்கினால் எண்பத்தொன்று. 2699-ஐயும் 795659-ஐயும் பெருக்கினால் விடை ஒன்றில்தான் முடியும். நம் எண் ஏழில் முடிகிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை சொல்லும்.

அந்தத் தாளின் தலைப்பில் கடைசி ஏழின் மேல்கோடு சரியாக விழவில்லை. பழைய கண்ணுக்கு அது ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. நீ அனுப்பிய பென்சில் மெல்லிய கோடு போடுவது. பென்சிலைக் குறை சொல்லவில்லை, உயர்ந்த பென்சில். சுவரில் அட்டை இருந்தது. எழுந்து பக்கத்தில் போய்ப் பார்த்திருக்கலாம், சோம்பல்பட்டேன். மறுபடியும் வகுத்தேன். மீதி ஆறு.

எடைமேடையில் ஒரு கிலோ தப்பியது கிடையாது. மகன் காரியத்தில் தப்பிவிட்டேன். என் பேச்சைக் கேட்டு ஒரு நல்ல எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். உண்மை தெரிய வரும்போது உன் தலைதான் உருளும். கைதட்டியவர்கள் முன்னால் நீ எப்படி நிற்பாய்? உன் மேலாளரின் முகவரியை அனுப்பு. தவறு முழுக்க என்னுடையது, மகனுக்கு அதில் சம்பந்தமே இல்லை என்று நானே எழுதுகிறேன். தேவைப்பட்டால் நேரில் வந்தும் சொல்கிறேன்.

என்னை மன்னித்துவிடு.

அப்பா

•

ஜூன் 26

தம்பி,

நலம் விசாரிக்கப் பொறுமை இல்லை. அப்பா தெருவில் தலைகாட்டுவதில்லை. தபால்காரர் வந்தால் உள் அறைக்குப் போய்விடுகிறார். சொட்டு மருந்து தீர்ந்து நாலு நாளாகிறது, என்னிடம் சொல்லவே இல்லை. ஏன் வாங்கவில்லை என்று கேட்டால், "அந்தக் கடக்காரர் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?" என்கிறார். பட்டறை முடிந்து வரும் வழியில் நான் வாங்கி வந்து கண்ணில் விட்டேன். விடும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறார்.

செய்யாத குற்றத்துக்கு அந்த மனுஷன் தண்டனை அனுபவிக்கிறார். முகவரி வந்ததா என்று தினமும் கேட்கிறார். என்ன அனுப்பப்போகிறாய்?

அக்கா

•

ஜூலை 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் சொட்டு மருந்து விட்டுக்கொண்ட பிறகு இதைப் படியுங்கள்.

மேலாளரின் முகவரியை அனுப்பவில்லை. அவருக்கு அந்த எண்ணைப் பற்றி எதுவும் தெரியாது. யாரும் கைதட்டவில்லை. யாரிடமும் உங்கள் கடிதத்தை நான் காட்டவில்லை. உங்களால் எந்த நஷ்டமும் வரவில்லை. அந்த எண் பகா எண் என்று நான் பிறப்பதற்கு முன்பே, நீங்கள் பிறப்பதற்கு முன்பே உலகத்துக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் உங்களிடம் கொடுத்தேன்.

நீங்கள் அடிக்கடி போன் செய்தீர்கள். நான் எரிச்சல்பட்டேன். எரிச்சலை வாய்விட்டுச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அதனால் முடியவே முடியாத ஒரு வேலையை உங்கள் தலையில் கட்டினேன். உங்கள் கண் போய்க்கொண்டிருக்கிறது என்று அக்கா எழுதிய பிறகும் இரண்டு மாதம் சும்மா இருந்தேன். நீங்கள் 2699 என்று எழுதியபோது அது தப்பு என்று எனக்கு அந்த நொடியே தெரியும். கடைசி இலக்கத்தைப் பார்த்தேன். இனி எதையும் சொல்ல வேண்டாம், பிழைத்தேன் என்று நினைத்தேன். இப்போது நீங்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறீர்கள்.

அந்த எண்ணை உறுதி செய்தவருக்கும் அந்த வயதில் பார்வை ஏறக்குறையப் போயிருந்ததாம். அவரும் அதை ஒரு கடிதத்தில்தான் எழுதித் தெரிவித்தாராம். அவர் கண்டுபிடித்த குறுக்குவழியைத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் நாளே தந்திருக்க வேண்டியது. அதன்படி பார்த்தால் 2699-ஐத் தொட வேண்டிய தேவையே இருந்திருக்காது. நீங்கள் இனி எதையும் வகுக்க வேண்டும் என்பதற்காக இதை அனுப்பவில்லை. உங்களிடம் மறைத்தது எதுவும் என்னிடம் மீதி இருக்கக்கூடாது என்று அனுப்புகிறேன்.

செப்டம்பரில் விடுப்பு எடுத்து வருகிறேன். நேரில் வந்து மன்னிப்புக் கேட்கிறேன். அதற்குள் ஒரு வரி எழுதுங்கள், திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள் மகன்

•

ஜூலை 15

தம்பிக்கு,

நான் நலம். உன் கடிதத்தை ஜன்னலோரம் நின்று படித்தார். முடித்துவிட்டு என்னிடம், "ஒனக்கு முன்னயே தெரியுமா பாப்பா?" என்றார். தெரியும் என்றேன். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை அவர் போன் செய்யவில்லை, கவனித்திருப்பாய்.

மேசையில் மறுபடியும் தாள் விரித்திருக்கிறார். மருந்துக்கடைக்கு மட்டும் அவராகவே போய்வந்தார். அங்கே என்ன சொன்னாரோ தெரியாது.

அக்கா

•

ஆகஸ்ட் 20

அன்பு மகனுக்கு அப்பாவின் ஆசிகள்.

நானும் பாப்பாவும் நலம். இடது கண்ணுக்கும் போன வாரம் ஆபரேஷன் ஆகிவிட்டது. இந்தக் கடிதத்தைக் கண்ணாடி போடாமல் எழுதுகிறேன்.

பதில் தாமதமானதற்குக் காரணம் உண்டு. நீ அனுப்பிய குறுக்குவழியை முடித்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். முதலில் வருவது 311. மீதி முப்பத்தைந்து. பிறகு வரிசையாகப் போட்டேன். ஒவ்வொரு தாளிலும் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்தே தலைப்பு எழுதினேன். எண்பது சொச்சத்தையும் முடித்தேன், இரண்டு தடவை. எதால் வகுத்தாலும் மீதி வருகிறது. பகா எண்தான். மற்ற எண்களை ஏன் தொட வேண்டியதில்லை என்பது எனக்குப் பாதிதான் புரிந்தது. நீ வரும்போது மீதியைச் சொல்லிக்கொடு.

மருந்துக்கடைக்காரரிடம் கைதட்டியது பொய் என்று சொன்னேன். அவர் பொட்டலம் கட்டிக்கொண்டே, தன் மகன் போனையே எடுப்பதில்லை என்றார். கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

உன் மேல் எனக்குக் கோபம் இருந்தது. இல்லை என்று எழுதினால் அது இன்னொரு கைதட்டலாகிவிடும். ஜூலை மாதம் முழுக்க இருந்தது. பிறகு ஒன்று ஞாபகம் வந்தது. உன் அம்மா இருந்தபோது நான் உன்னோடு பேசிக்கொண்டே இருந்தால், "அவனுக்கு வேல இருக்கும், போன வைங்க" என்று கையிலிருந்து பிடுங்குவாள். அவள் போன பிறகு பிடுங்க ஆள் இல்லை. நானாகத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். மழையா என்று கேட்டேனே தவிர, எனக்கு மழையைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. வீட்டில் சத்தமே இல்லை, அதனால் கேட்டேன்.

மன்னிப்புக் கேட்பதற்காக வருவதானால் வர வேண்டாம். சும்மா வா. மேசையை ஒழித்துவிட்டோம், மூன்று பேரும் தட்டு வைத்துச் சாப்பிடலாம்.

இனி நான் கூப்பிடும்போது உனக்கு வேலை இருந்தால், வேலை இருக்கிறது, வையுங்கள் என்று சொல். வைத்துவிடுகிறேன். எண் எதுவும் தர வேண்டாம்.

உன் அப்பா